இரண்டாம் தடவை கேட்காத ஊரும் ஒரு பரோட்டா ஆலையும்

1

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் மாடிவீட்டுப் பெண்மணிக்குப் பிறந்தநாள். இந்த நாட்டில் விசேஷம் என்றால் அக்ரூட் பருப்பை அரைத்து உள்ளே வைத்துச் சுருட்டிச் சுடும் ஒரு ரொட்டி கட்டாயம் இருக்கும். எனக்கு அது உயிர். தட்டை என் முன்னால் நீட்டி, "சாப்பிடுகிறாயா?" என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஐயையோ, வேண்டாம், இப்போதுதான் சாப்பிட்டு வந்தேன்" என்றேன். "சரி" என்று சொல்லி, தட்டை அப்படியே அடுத்தவரிடம் நகர்த்திவிட்டார்.

அந்தத் தட்டு திரும்பி வரவே இல்லை. வீட்டுக்கு வந்து பழைய சோற்றில் ரசத்தை ஊற்றிச் சாப்பிட்டேன். என் கணவர் ஜாபர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "பதினோரு வருசமாச்சு, இன்னும் உனக்குப் புத்தி வரலையே" என்றார்.

எப்படி வரும்? நம்ம பக்கத்தில் யாராவது பலகாரத் தட்டை நீட்டினால் முதலில் வேண்டாம் என்றுதானே சொல்வோம்? நீட்டியவர், "அட, ஒண்ணே ஒண்ணு எடுத்துக்கங்க" என்பார். இன்னொரு முறை வேண்டாம் என்போம். அவர் கோபித்துக்கொள்வார். அப்புறம் நாலு எடுத்துக்கொள்வோம். இதில் யாரும் பொய் சொல்லவில்லை, யாரும் வற்புறுத்தவும் இல்லை. அது ஒரு மரியாதை. இங்கேயோ வேண்டாம் என்றால் வேண்டாம். இரண்டாம் தடவை கேட்டால், "நீ சொன்னதை நான் மதிக்கவில்லை" என்று அர்த்தமாகிவிடுமாம்.

இங்கேயே பிறந்து வளர்ந்த என் மகள் நிலோஃபர் இந்த விஷயத்தில் முழுக்க இந்த ஊர்க்காரி. "தோசை வேணுமா?" "வேணாம்மா." நான் விடாமல், "ஒண்ணு வச்சுக்கடி" என்றால், "அம்மா, நான் சொன்னது காதுல விழலையா?" என்று முறைக்கிறாள். பெற்ற பிள்ளைக்கு இன்னொரு தோசை வைக்க அனுமதி கேட்க வேண்டிய காலம்.

சிரிப்பாகத்தான் இருக்கும் உங்களுக்கு. ஆனால் இந்த ஒரு வழக்கத்தால் ஒரு தொழிற்சாலையே கை நழுவிப் போகப் பார்த்தது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

2

நான் இருப்பது ஸ்லோவேனியாவில். ஸ்லோவாக்கியா இல்லை. இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது. மதுரை மாவட்டத்து ஜனத்தொகைகூட இல்லாத நாடு. ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் கையளவு கடல், நடுவில் காடு. காலையில் காரை எடுத்தால் மத்தியானத்துக்குள் இரண்டு எல்லையைத் தாண்டி வந்துவிடலாம்.

என் வேலை, வெளிநாட்டு முதலாளிகளைத் தேடிப் போய், "எங்கள் நாட்டுக்கு வாருங்கள், இங்கே தொழிற்சாலை போடுங்கள்" என்று கெஞ்சுவது. கெஞ்சுவது என்று எழுதினால் என் மேலாளருக்குப் பிடிக்காது. "முதலீட்டாளருக்கு வசதி செய்து தருவது" என்று எழுத வேண்டும். அந்தக் காலத்தில் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் பணத்தைக் கொண்டுபோய்ப் போட்ட காரைக்குடிச் சீமையில் பிறந்தவளுக்கு, பணத்தைத் தன் பக்கம் கூட்டி வருகிற வேலை. திருப்பத்தூரில் எங்கள் அம்மாவிடம் இதை விளக்கியபோது, "அப்ப நீ புரோக்கராடி?" என்று கேட்டார். கிட்டத்தட்ட அதுதான்.

சின்ன நாட்டுக்குப் பணம் வருவது லேசு இல்லை. பெரிய நாடுகள் நிலத்தைச் சும்மா தருகின்றன, வரியைத் தள்ளுபடி செய்கின்றன. எங்களிடம் இருப்பது ஒழுங்கு, சுத்தமான தண்ணீர், ஒரு துறைமுகம், நேரத்துக்கு வரும் பேருந்து. சென்னைக் கண்காட்சியில் நான் அரை மணி நேரம் மூச்சுவிடாமல் பேசுவேன். கேட்டவர் தலையைத் தலையை ஆட்டிவிட்டுக் கடைசியில், "ஸ்லோவாக்கியா ரொம்ப நல்ல நாடும்மா" என்று கை கொடுத்துவிட்டுப் போவார்.

அப்படி ஒரு கண்காட்சியில்தான் கருப்பையா அண்ணனைப் பார்த்தேன். கல்லல்காரர். விவசாயக் குடும்பம். காரைக்குடி போகிற ரோட்டில் ஒரு ஆலை வைத்திருக்கிறார். அங்கே பரோட்டாவை அரை வேக்காட்டில் எடுத்து, உறைய வைத்து, பொட்டலம் போட்டு வெளிநாட்டுக்கு அனுப்புகிறார். லண்டனிலும் பெர்லினிலும் நம் ஆட்கள் தவாவில் போட்டுச் சுட்டுச் சாப்பிடுகிற பரோட்டா பலது அவருடையது. கப்பலில் குளிர்பெட்டிக்குக் கொடுக்கிற வாடகையில் பாதி லாபம் போய்விடுகிறது. முட்டையும் பாலும் சேர்ந்த சரக்கு என்றால் ஐரோப்பிய எல்லையில் ஆயிரம் கேள்வி. பேசாமல் ஐரோப்பாவுக்குள்ளேயே ஒரு ஆலை போட்டுவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

"நீ எந்த ஊருத்தா?" என்றார்.

"திருப்பத்தூரு, அண்ணே."

"அட, நம்ம ஊருப் புள்ளையா! அப்ப உன் நாட்டை ஒரு தடவை வந்து பாத்துர வேண்டியதுதான்."

என் நாடு. அவர் சொன்னதும் எனக்கே ஒரு மாதிரி இருந்தது.

3

அண்ணன் வந்தது இலையுதிர் காலத்தில். நான் அவரை அழைத்துப்போனது ஆற்றங்கரையில் இருக்கும் ஒரு சின்ன ஊருக்கு. பெயரைச் சொன்னால் உங்கள் வாயில் நுழையாது. அங்கே ஒரு காலத்தில் மேசை நாற்காலி செய்கிற பெரிய ஆலை ஓடியது. அது மூடிய பிறகு வாலிபப் பிள்ளைகள் ஆஸ்திரியாவுக்கு வேலைக்குப் போய்விட்டார்கள். பள்ளிக்கூடத்தில் இரண்டு வகுப்பை ஒன்றாக்கிவிட்டார்கள். இன்னும் ஒரு வகுப்பு போனால் பள்ளியையே மூடிவிடுவார்கள் என்ற பயம் எல்லோருக்கும். அந்த ஊர் மேயர் யானெஸ் பழைய கணக்கு வாத்தியார். ஆலைக் கட்டடத்தில் யாரையாவது கொண்டுவந்து உட்கார வைத்துவிட வேண்டும் என்று ராப்பகலாக அலைகிற மனிதர்.

அன்றைக்கு நகராட்சி அலுவலகத்தில் மேசை நிறையப் பலகாரம் பரப்பியிருந்தார். ஆப்பிள் அடை, அக்ரூட் ரொட்டி, தேன், பாலாடைக்கட்டி. மேயரின் மனைவியே சுட்டது. அண்ணன் விமானத்தில் கொடுத்ததைத் தொடவில்லை, நல்ல பசி. நான் பக்கத்து அறையில் படம் காட்டும் கருவியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். மேயர், "சாப்பிடுங்கள்" என்றாராம். அண்ணன் நெஞ்சில் கையை வைத்து, "நோ சார், நோ சார், ஃபுல்" என்றாராம். மேயர் பாவம், விருந்தாளியைச் சங்கடப்படுத்தக்கூடாது என்று எல்லாவற்றையும் எடுத்து உள்ளே வைக்கச் சொல்லிவிட்டார். நான் வந்தபோது மேசை துடைத்துப் பளபளவென்று இருந்தது. அண்ணனின் கண் மட்டும் உள்ளறைக் கதவிலேயே இருந்தது.

பிறகு ஆலையைப் பார்த்தோம். உயரமான கூரை, நல்ல வெளிச்சம், பக்கத்திலேயே ரயில் பாதை. அண்ணன் சுவரைத் தட்டிப் பார்த்தார், தண்ணீரைக் குடித்துப் பார்த்தார், தரையில் குத்தவைத்து வாட்டம் பார்த்தார். பிடித்துவிட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மேயர் நேராகக் கேட்டார்: "உங்களுக்கு இந்த இடம் வேண்டுமா?"

அண்ணன் சிரித்துக்கொண்டே, "டூ பிக் சார். வீ ஆர் ஸ்மால் பீப்பிள்" என்றார்.

நம் ஊரில் இதைக் கேட்ட எவரும், "அட, நீங்களா சின்ன ஆளு?" என்று ஆரம்பித்து, அங்கேயே விலையையும் பேசி முடித்திருப்பார்கள். யானெஸின் முகம் வாடிவிட்டது. மரியாதையாகக் கை கொடுத்தார். வந்ததற்கு நன்றி என்றார். அவ்வளவுதான், முடிந்தது.

காரில் ஏறியதும் அண்ணன் கேட்டார்: "ஏத்தா, ஒரு பேச்சுக்கு வேணாம்னேன். அப்படியே தூக்கிட்டுப் போயிட்டாகளே? இங்குட்டுச் சோத்துக்குப் பஞ்சமா?"

4

அடுத்த வாரமே அலுவலகத்தில் அந்தக் கோப்பை மூடிவிட்டார்கள். "முதலீட்டாளர் மறுத்துவிட்டார்." நான் மேலாளரிடம் போய், அவர் மறுக்கவில்லை, மரியாதைக்குச் சொன்னார், இன்னொரு தடவை கேட்க வேண்டும் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இடம் பெரிதாக இருக்கிறது என்று தன் வாயால் சொல்லியிருக்கிறார். மறுத்தவரைத் தொல்லை செய்யக்கூடாது என்பது நம் விதி" என்றார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. கோபம் வந்தால் இவர்கள் மொழி எனக்குக் காலை வாரிவிடும். வாய்க்கு வந்த நாலு சொல்லை முன்னும் பின்னுமாகக் கொட்டிவிட்டு வெளியே வந்தேன்.

அதே வாரம் அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"வேற நாட்டுக்காரக தினம் போன் பண்றாக. நிலம் சும்மா தாராகளாம். உங்க மேயரு ஒரு வார்த்தை கேக்கலையே? நம்மள வேணாம் போலன்னு நானும் விட்டுட்டேன்" என்றார்.

"அண்ணே, நீங்கதான வேணாம்னீக?"

"நான் எங்கத்தா வேணாம்னேன்? பெருசா இருக்குன்னேன்."

மேயர் கேட்பார் என்று அண்ணன் காத்திருக்கிறார். அண்ணன் மறுத்துவிட்டார் என்று மேயர் ஒதுங்கி நிற்கிறார். நடுவில் நான் மட்டும் தலையைப் பிய்த்துக்கொண்டு நிற்கிறேன். விடுமுறை நாளில் காரை எடுத்துக்கொண்டு நேராக யானெஸ் வீட்டுக்கே போய்விட்டேன். வாசலில் வீட்டுச்செருப்பைக் கொடுத்தார், காபி வேண்டுமா என்றார். இந்தத் தடவை நான் உஷார். "வேண்டும்" என்றேன்.

விஷயத்தைச் சொன்னதும் அவர் பதறினார். "மறுபடி கேட்டால் அவரை அவமதித்ததாகாதா?"

"கேட்காமல் இருப்பதுதான் அவமதிப்பு" என்றேன். "நேரில் போய்க் கேளுங்கள்."

மாசி மாதத்தில் எங்கள் அலுவலகம் சென்னைக்கு ஒரு குழுவை அனுப்பியது. யானெஸ் சொந்தச் செலவில் ஒட்டிக்கொண்டார். சென்னையில் வேலை முடிந்ததும் நான் இரண்டு நாள் லீவு போட்டுவிட்டு அவரோடு மதுரைக்கு விமானம் ஏறினேன்.

5

மதுரையிலிருந்து காரில் வரும்போது திருப்பத்தூரில் எங்கள் வீட்டில் கால் மணி நேரம் நிறுத்தினேன். அம்மா டீயோடு வந்தார். யானெஸ் தமிழில் ஒரு சொல் மட்டும் கற்று வைத்திருந்தார். பெருமையாக, "வேண்டாம்" என்றார். அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். "அட, தமிழ் பேசுறாரே!" என்று டீயை அவர் கையில் திணித்தார். குடித்து முடித்ததும் இன்னொன்று. "வேண்டாம், வேண்டாம்." "பரவால்ல, குடிங்க." கூடவே முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்து அவித்த வட்டிலப்பம் ஒரு தட்டு.

காரில் ஏறியதும் கேட்டார்: "உன் அம்மாவுக்குக் காது சரியாகக் கேட்குமா?"

"நன்றாகவே கேட்கும்."

"பிறகு ஏன்?"

"அந்தச் சொல்லை முதல் தடவை சொன்னால் இங்கே யாரும் கணக்கில் எடுக்க மாட்டார்கள்."

யானெஸ் திடீரென்று, "அப்படியென்றால் அன்றைக்கு அந்த மனிதர் பசியோடு இருந்தாரா?" என்றார். ஆமாம் என்றேன். தலையில் கையை வைத்துக்கொண்டார். "என் மனைவியிடம் சொல்லாதே. அழுதுவிடுவாள்."

கல்லலில் எங்களுக்கு ஆலையைச் சுற்றிக் காட்டியது அண்ணனின் மகள் காயத்ரி. உணவுத் தொழில்நுட்பம் படித்தவள். வெள்ளைக் கோட்டும் தலைக்கு வலைத்தொப்பியுமாக, மாவு பிசைகிற இடத்திலிருந்து குளிர் அறை வரைக்கும் கூட்டிப்போனாள். யானெஸ் பழைய வாத்தியார் புத்தியில் குறுக்குக் கேள்வியாகக் கேட்டார். எதற்கும் அவள் அசரவில்லை. ஐரோப்பாவில் ஆலை வந்தால் அதை நடத்தப் போகிறவள் அவள்தான் என்று அண்ணன் அப்போதுதான் சொன்னார். எனக்கே அது புதுச் செய்தி.

6

மதியம் வீட்டில் சாப்பாடு. இலையில் பரோட்டா, கோழிக் குழம்பு, மட்டன் சுக்கா. அண்ணனின் மனைவி சிவகாமி மதினி பரிமாறினார். யானெஸ் இரண்டு பரோட்டாவோடு கையை வைத்து மறித்தார். அந்தக் கைக்கு மேலேயே மூன்றாவது விழுந்தது. வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டார். சாப்பிட்டுவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்து, என்னைப் பார்த்து ஒரு தடவை தொண்டையைச் செருமிக்கொண்டு அண்ணனிடம் கேட்டார்:

"எங்கள் ஊர் ஆலை உங்களுக்கு வேண்டுமா?"

நான் தமிழில் சொன்னேன். அண்ணனின் முகம் மலர்ந்துவிட்டது. ஆனாலும், "அம்புட்டுப் பெரிய இடம் நமக்கு எதுக்குத்தா" என்றார்.

நான் மொழிபெயர்த்தேன். யானெஸ் காது வரைக்கும் சிவந்துபோனார். அவர் வாழ்நாளில் செய்யாத காரியம் அது. "வேண்டும் என்று சொல்லுங்கள்" என்றார் இரண்டாம் தடவை. "எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகள் வேண்டும். பிள்ளைகள் வர வேண்டுமென்றால் வேலை வேண்டும். நீங்கள் வர வேண்டும்."

அண்ணன் மதினியைப் பார்த்தார். அப்போதுதான் எனக்கு விளங்கியது, இத்தனை மாதமாக நாங்கள் கேட்க வேண்டிய ஆளைக் கேட்கவே இல்லை.

மதினி வாளியைக் கீழே வைத்துவிட்டு என் எதிரே உட்கார்ந்தார். "கட்டடம் தாராக, கரண்டு தாராக, எல்லாம் இவுக சொன்னாக. என் மகதான அங்குட்டுப் போயி இருக்கணும்? இவுக போனப்ப ஒரு வாய் சாப்பிடுங்கன்னு இன்னொரு தடவை கேக்க ஆளில்லையாமே? காய்ச்சல்ல கெடந்தா யாரு எட்டிப் பாப்பா?" என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஆபீசுக்காகச் சொல்லாத. நீ அங்குட்டு நல்லா இருக்கியா?"

இந்தக் கேள்விக்கு எங்கள் அலுவலகத்தில் வழவழ தாளில் பதில் அச்சடித்து வைத்திருக்கிறோம். மலை, ஏரி, பாதுகாப்பு, வாழ்க்கைத் தரம். அதை எத்தனை பேரிடம் ஒப்பித்திருப்பேன்! அன்றைக்கு ஒரு வரியும் வாயில் வரவில்லை. நான் சொல்கிற பதிலில் ஆலை வரலாம், வராமலும் போகலாம். ஆனால் கையைப் பிடித்துக் கேட்கிற ஒரு தாயிடம் எப்படிப் பொய் சொல்வது?

"மொத ரெண்டு குளிர்காலம் அழுதேன் மதினி. சாயங்காலம் ஆகுமுன்னேயே இருட்டிரும். கூப்பிடாம யாரும் வீட்டுக்கு வர மாட்டாக. ஒண்ணும் வேணாம்னு நம்ம சொன்னா, அப்படியே நம்பிருவாக. அது ரொம்பக் கஷ்டம். ஆனா எங்க வீட்டுக்காரர் ஆபரேசன் ஆகிக் கெடந்தப்ப, எங்க காரை மூடுன பனியை யாரோ தினம் வழிச்சுப் போட்டிருந்தாக. யாருன்னு கேட்டுக் கேட்டு ஓஞ்சு போனேன். பாத்தா எதிர்வீட்டுக்காரரு. அதுவரைக்கும் அவரு எங்கிட்ட நாலு வார்த்தை பேசுனதில்ல. கேக்க மாட்டாக மதினி, செய்வாக."

"அப்ப நல்லாத்தான் இருக்க."

"நல்லாத்தான் இருக்கேன். ஆனா எம் மகளுக்கு எம்மேல கோவம் வந்தா அந்த ஊருப் பாஷையிலதான் திட்டுறா. எனக்கு ஒரு சொல்லு விடாமப் புரியுது. அன்னைக்குத்தான் ஏன் வந்தோம்னு இருக்கும்."

யானெஸ், "என்ன சொன்னாய்? எல்லாவற்றையும் சொல்" என்றார். குளிரையும் அழுகையையும் மகளையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். என் மேலாளர் கேட்டிருந்தால் அன்றோடு என் வேலை போயிருக்கும். யானெஸ் இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இவள் சொன்னது உண்மை" என்றார் மதினியிடம். "எங்களுக்குக் கேட்பதற்கு வெட்கம். தொந்தரவு என்று நினைத்துவிடுவார்களோ என்று பயம்."

"சோறு திங்கச் சொல்றதுல என்ன தொந்தரவு?" என்றார் மதினி. அவரால் அதை நம்பவே முடியவில்லை. அப்புறம் என் பக்கம் திரும்பினார். "காயத்ரி அங்குட்டு வந்தா, ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை உன் வீட்டுல சோறு போடுவியா?"

"வேணாம்னு சொன்னாலும் போடுவேன்" என்றேன்.

"அப்பா." பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த காயத்ரியின் குரல். "நானும் அப்பதேலருந்து பாக்குறேன். மேயரு உங்களக் கேக்குறாரு. நீங்க அம்மாவப் பாக்குறீக. அம்மா அத்தையக் கேக்குறாக. போகப் போறது நானு. என்னைய ஒருத்தராச்சும் கேட்டீகளா?"

கேட்பதைப் பற்றி இத்தனை மாதமாக ஊர் ஊராகப் பேசிக்கொண்டு திரிந்தவள் நான். எனக்கே தோன்றவில்லையே!

அண்ணன் மெல்லக் கேட்டார். "போறியாத்தா?"

"போறேன்ப்பா."

"நல்லா யோசிச்சுச் சொல்லு" என்றார் மதினி.

"யோசிச்சுட்டேம்மா. போறேன்."

யானெஸ் என் முழங்கையை இடித்தார். "என்ன சொல்கிறாள்?"

"சரி என்கிறாள்."

"முதல் தடவையிலேயா?" அவர் முகத்தில் ஏகப்பட்ட சந்தேகம். "நான் இன்னொரு தடவை கேட்கட்டுமா?"

இதைத் தமிழில் சொன்னதும் அண்ணன் உடம்பு குலுங்கச் சிரித்தார். காயத்ரியும் சிரித்தாள். மதினி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். "ஒரு தடவை கேட்டதுக்கே போறேன்னுட்டா பாருத்தா. இவ எப்பவோ அந்த ஊருக்காரியா ஆயிட்டா" என்று என்னிடம் சொல்லிவிட்டு எழுந்தார். மகளின் இலையில் கிடந்த பரோட்டாவே பாதி மிச்சம் இருந்தது. கேட்காமலேயே இன்னொன்றை அதன் மேல் வைத்துக் குழம்பை ஊற்றினார். காயத்ரி வேண்டாம் என்று சொல்லவில்லை.